தெற்குப் பார்த்த றேடியோ

நடந்தவை இவை:

1. இந்த மாரியின் கடைசிப் புயலில் கறண்ட் போனது. மறுநாள் தொலைபேசிக் கோபுரமும் ஊமையானது.

2. தெற்கே சின்னம்மா இருக்கும் ஊரில் வெள்ளம் ஏறுகிறது என்ற செய்தி, கோபுரம் ஊமையாவதற்குச் சற்று முன்னர்தான் எங்களுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

3. பண்டத்தரிப்பு ஊரில் உள்ள எங்கள் வீட்டில் அம்மா அலமாரியைத் திறந்து, எத்தனையோ வருடங்களுக்கு முன்னர் எறிந்துவிட்ட ஒரு றேடியோவைத் தேடினார்.

4. கோபுரம் உயிர்த்தது. சின்னம்மா கதைத்தார். வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர், ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

5. "இனி ஒரு றேடியோ இல்லாமல் இந்த வீட்டிலை நான் இருக்கமாட்டன்" என்றார் அம்மா.

6. இதை எங்கள் வகுப்புக் குழுவில் நான் எழுதப்போக, உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். வீட்டிலும் வெளியிலும் கொண்டு திரியக்கூடிய, விழுந்தாலும் உடையாத, ஆபத்து நேரத்தில் கைவிடாத றேடியோ எது?

தொலைத்தொடர்பு படித்தவள் என்பதால் அன்றே ஒரு பட்டியல் அனுப்பினேன். பண்பலையோடு மத்திய அலையும் எடுக்கவேண்டும், ஏனென்றால் பக்கத்துக் கோபுரம் விழுந்த நாளில் தொலைவிலிருந்து வரக்கூடியது மத்திய அலைதான். ஊர்க் கடையில் கிடைக்கும் பற்றரி போடவேண்டும். இருட்டில் தடவிப் பிடிக்கும்படி திருகு இருக்கவேண்டும். மூலைகளில் ரப்பர் இருக்கவேண்டும், சீமெந்து நிலம் இரக்கம் பார்க்காது. பட்டியலில் பிழை இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். அதை ஒரு வரியில் எழுத எனக்கு வரவில்லை. அதற்கு நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்த மாரிக்குப் போகவேண்டும்.

போரால் யாழ்ப்பாணத்தின் தரைப்பாதை பூட்டியிருந்த மாரி. நீங்களும் அதற்குள்தான் இருந்தீர்கள். கடைத் தட்டுகளில் சாமான்களுக்குப் பதிலாகச் சாமான்கள் இருந்த வட்டங்கள் மட்டும் தூசியில் தெரிந்தன. எனக்கு அந்த மாரி முதலில் மணமாகத்தான் வரும். நனைந்த பனையோலை, மண்ணெண்ணெய் விளக்கு, அதற்கடியில் மெல்லியதாக வெதுவெதுத்த தோல் மணம். அந்தத் தோல் மணம் எங்கள் றேடியோவினுடையது. மண்ணிறத் தோலுறை, முன்பக்கம் ஊசித் துளைகள். தோள்வார் அறுந்து, அதன் இடத்தில் நைலோன் கயிறு. அலைவரிசை காட்டும் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு முள் ஒன்று, வெள்ளை எண்களைத் தாண்டித் தாண்டிப் போகும். நான் அதை ஒரு ஆளாக நினைத்திருந்தேன். யாரையோ தேடி வீடுவீடாகப் போகிற ஆள்.

றேடியோவின் இடம் கூடத்தில் சாமிப்படத் தட்டின் ஓரம். சாமிகள் கிழக்குப் பார்த்திருந்தார்கள், றேடியோவும் கிழக்குப் பார்த்திருந்தது. தெற்குப் பக்கம் அதன் முகத்தைத் திருப்ப அம்மா விடமாட்டார்.

"அது யமன்ரை திசை. அங்காலை பாத்துக்கொண்டு ஆரின்ரையோ குரல் வீட்டுக்கை வரக்கூடாது."

அந்தக் காலத்தில் எங்களுக்கு இரண்டு வகைக் குரல்கள் வந்தன. ஒன்று, கடலுக்கு அப்பால் இந்தியக் கரையிலிருந்து வரும் பாட்டுகள். அவை கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தன. நாதஸ்வரம் வாசிப்பவர் மூச்செடுப்பதுகூடக் கேட்கும். மற்றது தெற்கிலிருந்து வரும் எங்கள் நாட்டு நிலையம். அது பஞ்சுக்குள்ளிருந்து கதைப்பது போல இருக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேண்டியது அந்தப் பஞ்சுக் குரல்தான், ஏனென்றால் மரண அறிவித்தல் அதில்தான் வந்தது.

மரண அறிவித்தல் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாதை பூட்டியிருந்ததால் கடிதம் கப்பல் வரும்போதுதான் வரும், தொலைபேசி இல்லை. யார் இருக்கிறார், யார் போனார் என்பது விளக்கு வைத்த பிறகு அந்தக் குரலில்தான் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். பிறகு உறவுகள் வரிசையாக வரும். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் அன்பு மாமியாரும் ஆவார். ஒரு மனுசியை அவளைச் சுற்றி நின்ற ஆட்களால் மட்டுமே வரைந்து காட்டுவார்கள். அம்மா அதைக் கோலம் போடுவதைப் பார்ப்பவர் போலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மாரியில் சின்னம்மாவுக்குக் கலியாணம். சின்னம்மா அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். முப்பதைத் தாண்டியிருந்தார். முன்னர் ஒருமுறை நாள் குறித்து, மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு சாவு விழுந்து அது தள்ளிப்போனது. இப்போது மறுபடியும் கார்த்திகை கடைசியில் ஒரு நாள். அது தவறினால் மார்கழி, மார்கழியில் கலியாணம் இல்லை. தை பிறக்கும் முன்னர் மாப்பிள்ளை கொழும்பில் ஒரு வேலைக்காகக் கப்பல் ஏறவேண்டும். இந்த நாள் போனால் மாப்பிள்ளையும் போனார் என்பதை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் அதைச் சுற்றி நடந்தார்கள், கூடத்தின் நடுவில் ஒழுக்குக்கு வைத்த வாளியைச் சுற்றி நடப்பது போல.

பலகாரச் சூட்டு நாள் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த சீனியும் தேங்காயெண்ணெயும் அன்றைக்கென்றே வெளியில் வந்தன. அயல் பெண்கள் வந்து, வறுத்த பயற்றமாவைச் சீனிப் பாகில் குழைத்து உருட்டினார்கள். சுளகு முழுக்க மண்ணிற உருண்டைகள். பச்சையரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, அதில் தோய்த்து எண்ணெயில் போட்டால் பயற்றம் பணியாரம். மழை தகரத்தில் விழுகிற சத்தமும் எண்ணெய் பொரிகிற சத்தமும் ஒன்றுபோல இருந்தன. நான் இரண்டுக்கும் நடுவில், மாவு ஒட்டிய விரலோடு, பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

அப்பா றேடியோவைப் போட்டார். பற்றரி கடைகளில் இல்லாத நேரம் என்பதால் மரண அறிவித்தலுக்கு மட்டும்தான் போடுவார், முடிந்தவுடன் பூட்டி நிறுத்துவார். முதல் இரண்டு மூன்று பேர் எங்களுக்குத் தெரியாதவர்கள். பிறகு வவுனியாவில் ஒரு மனுசி. பேரைக் கேட்டதும் அம்மா கரண்டியோடு எழும்பி வந்தார்.

"அது அண்ணையின்ரை மாமியெல்லோ."

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரியமாமா, வவுனியாவில் மனைவி வீட்டில் இருந்தார். பல மாதங்களாக அவரிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. அவருடைய மாமியார் காலமாகிவிட்டார். வருத்தம்தான், ஆனால் அந்தச் சாவு எங்களுக்குத் துடக்கு இல்லை, கலியாணத்தை நிறுத்தும் தீட்டு இல்லை. அம்மா மூக்கில் விரல் வைத்தபடி மிச்சத்தைக் கேட்டார். மனைவி முடிந்தது, தாயார் முடிந்தது. அடுத்து மருமக்கள். "காலஞ்சென்ற" என்றது குரல். அதன்மேல் ஒரு இரைச்சல் புரண்டு போனது. இரைச்சலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெயர், அது பெரியமாமாவின் சகலனுடையது. அடுத்த பெயர் பெரியமாமாவுடையது. "ஆகியோரின் அன்பு மாமியாரும்…"

அப்பாவின் கை தானாகத் திருகி றேடியோவைப் பூட்டியது.

"'காலஞ்சென்றவர்களான' எண்டுதானே சொன்னது?" என்றார் அம்மா. கரண்டியிலிருந்து எண்ணெய் நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

அயலுக்கு வெளியே இருக்கிற யாருக்காவது நீங்கள் இதை வாசித்துக் காட்டினால் இதை விளக்கவேண்டியிருக்கும். "காலஞ்சென்ற இன்னார், இன்னார் ஆகியோரின்" என்றால் முதலாமவர் மட்டும் இல்லை. சகலன் முன்னரே இறந்தது எங்களுக்குத் தெரியும். "காலஞ்சென்றவர்களான" என்றால் இரண்டு பேருமே இல்லை. இரைச்சல் விழுங்கியது அந்தச் சொல்லின் வாலை. அந்த வாலுக்குள்தான் பெரியமாமா இருந்தார், அல்லது இல்லாமல் இருந்தார்.

"வர்களான எண்டுதான் என்ரை காதிலை விழுந்தது" என்றார் அப்பா.

"அத்தான், எனக்குக் காலஞ்சென்ற எண்டு மட்டுந்தான் கேட்டது." இது சின்னம்மா.

"உமக்கு வேண்டினது உமக்குக் கேக்குது."

 சின்னம்மா கலியாணம் ஆகாதவர். அண்ணனின் துடக்கு முழுவதும் அவருக்கு உண்டு. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும் வரை நல்ல காரியம் ஒன்றும் இல்லை. அப்பா மறுபடி றேடியோவைத் திருகிப் பார்த்தார். அறிவித்தல்கள் முடிந்து யாரோ விவசாயம் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்தார். அயல் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு வீட்டில் சாவு நடந்ததா இல்லையா என்று தெரியாதபோது சொல்லிக்கொண்டு போவதா, சொல்லாமல் போவதா என்று அவர்களுக்கு விளங்கவில்லை. சாவீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒரு பெண் படலை வரை போய்த் திரும்பிப் பார்த்து, "சரி… என்ன…" என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறது.

கரைத்த மாவு சட்டியில் அப்படியே இருந்தது. உருண்டைகள் சுளகில் அப்படியே இருந்தன. எல்லாம் எதற்கோ காத்திருப்பதாக எனக்குப் பட்டது.

அறிவித்தலைக் காலையில் இன்னொருமுறை வாசிப்பார்கள். அதற்குப் பற்றரியில் உயிர் இருக்கவேண்டும். சாதாரண நாளென்றால் அம்மா பற்றரிகளை வெயிலில் பரப்பிவிடுவார். வெயில் இல்லை. ஆகவே அடுப்பிலிருந்து தள்ளி, வெதுவெதுப்பான சாம்பல் மேடையின் ஓரத்தில், குஞ்சுகளைப் படுக்கவைப்பது போலப் படுக்கவைத்தார். சூடு பட்டால் அவை கொஞ்ச நேரம் இளமையாகும். அதன் காரணத்தைப் பின்னாளில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது அது காரணம் தேவைப்படாத ஒன்றாக இருந்தது.

காலையில் றேடியோவுக்கு முன்னர் சம்பந்தியார் வந்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பன். சுன்னாகத்திலிருந்து சைக்கிளில், நனைந்த வேட்டியோடு. பின்னால் இன்னொரு சைக்கிளில் மாப்பிள்ளை. அவர் உள்ளே வராமல் மாமரத்தடியில் நின்றார்.

"கேள்விப்பட்டனாங்கள்" என்றார் சம்பந்தியார். "என்ன செய்யிறது. விதி. தாலிக்குப் பொன்னுருக்கிறதை நிப்பாட்டுவம்."

"நீங்களும் வடிவாக் கேட்டனீங்களே?" என்றார் அப்பா.

"எங்கடையது மூண்டு பெரிய பற்றரி போடுற றேடியோ. உங்கடை மாதிரி இருமாது. 'காலஞ்சென்றவர்களான' எண்டு மணி அடிச்ச மாதிரிச் சொன்னது."

அப்பா தலையை ஆட்டினார். பெரிய றேடியோ வைத்திருப்பவரின் காதும் பெரிதுதான் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினோம்.

மாமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, அந்த நேரம் நீங்கள் அடுப்படியிலை பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

"பிட்டுக்கும் காதுக்கும் என்னடா?"

"ஒண்டுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னாப் பிறகுதான் எழும்பினனீங்கள், அதுதான்."

சம்பந்தியார் வேட்டித் தலைப்பைப் பிழிந்தார். அப்போது சின்னம்மா கூடத்துக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அவர் வாய் திறந்து அதுவரை நான் கேட்டதில்லை.

"மாமா, இருங்கோ. இன்னும் கொஞ்ச நேரத்திலை திருப்பிச் சொல்லுவினம். கேட்டிட்டுப் போங்கோ."

சாம்பலோரத்திலிருந்து பற்றரிகளை எடுத்துவந்து போட்டார். தட்டிலிருந்து றேடியோவை இறக்கி, கூடத்தின் நடுவில் ஒரு முக்காலியில் வைத்தார். வைத்து, அதன் முகத்தைத் தெற்குப் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, என்ன செய்யிறாய்?" அம்மா எழும்பிவிட்டார். "இந்த நேரத்திலையோ? யமனைக் கூப்பிடுறியே?"

"அக்கா, யமன் வந்திட்டுப் போட்டான் எண்டுதானே எல்லாரும் சொல்லுறியள். இனி என்ன பயம்?"

அம்மா கையை நீட்டினார், ஆனால் தொடவில்லை. அதற்குள் குரல் வந்துவிட்டது. அது எங்கள் வீட்டுக்குப் பழக்கமில்லாத குரல். பஞ்சு இல்லை. முற்றத்தில் நின்று கதைப்பவர் போல ஒரு மனிதர். அவர் தாளைத் திருப்புவதுகூடக் கேட்டது. வாசல்படியில் நின்ற சம்பந்தியார் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

வவுனியா வந்தது. மனைவி, தாயார். "காலஞ்சென்ற" என்றார் அந்த மனிதர்.  சரியாக அதே நேரத்தில் மாமரத்துக்கு மேலே இடி ஒன்று உருண்டது. வால் மறுபடியும் போனது.

அப்பாவின் கை திருகுக்குப் போனது, பழக்கத்தில். சின்னம்மா அந்தக் கையைப் பிடித்தார். கலியாணம் ஆகாத மச்சாள் அத்தானின் கையைப் பிடிப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். பிடித்தபடியே நின்றார். குரல் பேரப்பிள்ளைகளைச் சொன்னது, பூட்டப்பிள்ளைகளைச் சொன்னது, கிரியை நடக்கும் இடத்தைச் சொன்னது. இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும் என்றது. பிறகு, நாங்கள் ஒருநாளும் பொறுத்திருந்து கேட்காத இடத்தில், இரண்டே சொல்.

"தகவல், மருமகன்." அதற்குப் பிறகு பெரியமாமாவின் பெயர்.

செத்தவர் தகவல் கொடுப்பதில்லை. அப்பாவின் கை சின்னம்மாவின் கைக்குள் இருந்தபடியே தளர்ந்தது.

"அப்ப… அண்ணை இருக்கிறார்" என்றார் அம்மா. சிரித்தார். சிரிப்பு வந்த பிறகுதான் இன்னொருவர் இறந்திருப்பது நினைவுக்கு வந்தது போல. "பாவம் மாமி, நல்ல மனிசி" என்றார். சிரிப்பு நிற்கவில்லை. சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். ஒரு சாவறிவித்தலைக் கேட்டு எங்கள் வீட்டில் அன்று எல்லாரும் சிரித்தோம். அந்த அம்மா எங்களை மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும், இப்பிடித் திருப்பினாக் கேக்குமெண்டு?" அம்மா பிறகு கேட்டார்.

"தூசு தட்டேக்கை திருப்பினால் சத்தம் கூடுறது எனக்கு எப்பவோ தெரியும். சொன்னால் விடுவியளே?"

மாவு ஒரு இரவில் புளித்துவிட்டிருந்தது. வேறு மாவுக்கு அரிசி இல்லை. அதிலேயே தோய்த்துச் சுட்டார்கள். அந்தக் கலியாணத்துப் பயற்றம் பணியாரத்தின் கோதில் ஒரு மெல்லிய புளிப்பு இருந்தது, உள்ளே இனிப்பு.  வந்தவர்களில் சிலர் இரண்டாவது தரமும் எடுத்தார்கள். கலியாணம் முடிந்ததும் றேடியோ மறுபடி கிழக்குப் பார்த்தது.

பல்கலைக்கழகத்தில் ஒருநாள் பழைய றேடியோ ஒன்றைத் திறந்து காட்டினார்கள். உள்ளே நீளவாட்டில் விரலளவு கரிய கோல் ஒன்று, செப்புக் கம்பி சுற்றியபடி கிடந்தது. மத்திய அலையைப் பிடிப்பது அதுதான். அலை அதன் பக்கத்தில் வந்து பட்டால் முழுதாகக் கேட்கும். நுனியில் வந்து பட்டால் கிட்டத்தட்டச் செவிடாகிவிடும். கிழக்குப் பார்த்த எங்கள் றேடியோவில் அந்தக் கோல் வடக்குத் தெற்காகக் கிடந்திருக்கும். தெற்கிலிருந்து வந்த குரல் எல்லாம் நுனியில் பட்டுச் சிதறியிருக்கும். கடலுக்கு அப்பாலிருந்து வந்த பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது மேற்குப் பக்கமிருந்து பக்கவாட்டில் நிதானமாக வந்து இறங்கியது. பாட்டுகள் அவ்வளவு தெளிவாகவும் எங்கள் சாவுகள் அவ்வளவு மங்கலாகவும் வந்ததற்கு யமன்தான் காரணம். வடக்குப் பார்த்து வைத்திருந்தாலும் போதும், யமனுக்கும் கோபமில்லை. அந்தச் சுவரில் தட்டு இல்லை, அவ்வளவுதான். அந்தக் கோலை நான் மேசையில் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள், "என்னடி, பழுதோ?" என்றாள். இல்லை என்றேன்.

இனி உங்கள் கேள்வி. போன கிழமை இரண்டு றேடியோக்களைப் பண்டத்தரிப்புக்குக் கொண்டுபோனேன். ஒன்று செம்மஞ்சள் நிறம். சூரியத் தகடு, சுற்றுகிற கைப்பிடி, ரோச் வெளிச்சம், அபாயச் சங்கு, தொலைபேசிக்கு மின்னேற்றும் துளை. மற்றது கறுப்பு. திருகுகள் இரண்டு, இழுக்கிற கம்பி, பெரிய ஒலிபெருக்கி, மூலைகளில் ரப்பர். என் பட்டியலின்படி செம்மஞ்சள்தான் முன்னுக்கு நின்றது.

அப்பா கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். "தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறதோ, இதைச் சுத்துறதோ?"

அம்மா அபாயச் சங்கை அமத்திவிட்டுக் காதைப் பொத்தினார். "உது கத்துது பிள்ளை. கதைக்கேல்லை."

விளக்கு வைத்த பிறகு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மரண அறிவித்தலில் விட்டோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். யார் இறந்தார் என்பதை அவர் கேட்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் புரிந்தது. "காலஞ்சென்றவர்களான" வரும் ஒவ்வொரு முறையும் அவருடைய விரல் முழங்காலில் ஒருதரம் தட்டியது. செம்மஞ்சளின் சின்ன வாயில் அந்தச் சொல்லின் கடைசி எழுத்துகள் தேய்ந்துபோயின. கறுப்பில் அவை முழுதாக வந்தன, கூடத்திலும் வந்தன, கிணற்றடியில் கொண்டுபோய் வைத்தபோதும் வந்தன.

"இது வால் வரைக்கும் சொல்லுது" என்றார் அம்மா.

நான் பட்டியலில் விட்டது அதுதான். வெளிச்சமும் சங்கும் பிறகு. ஒரு சொல்லை அதன் கடைசி எழுத்துவரை, நீங்கள் நிற்கிற இடத்திலும் பத்தடி தள்ளியும் சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிறகு கடைசிவரை பூட்டாமல் இருங்கள்.

இப்போதைய நிலை: கறுப்பு றேடியோ பண்டத்தரிப்பில். செம்மஞ்சள் கொக்குவிலில் என் அறையில், ரோச் வெளிச்சத்துக்கு உதவுகிறது. பாவிக்காத நாட்களில் பற்றரிகளைக் கழற்றிப் பக்கத்தில் வைக்கிறோம், உள்ளே விட்டால் கசிந்து பூக்கும். சின்னம்மாவின் வீட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது, சுவரில் கோடு மட்டும் இருக்கிறது. சித்தப்பா அதை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அப்பா அன்றைக்குத் தனக்குக் கேட்டது "வர்களான" என்றுதான் இன்றும் சொல்கிறார். இப்போது மரண அறிவித்தல் வரும் பண்பலைக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை, கம்பியை நிமிர்த்தினால் போதும். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. றேடியோவைச் சாமிப்படத் தட்டின் ஓரத்தில், தெற்குப் பார்க்க, அவரே வைத்திருக்கிறார்.